அதே விளிம்பு எது?

செய்யப்பட்ட ஒரு பொருளின் நீளமும் அகலமும் மாறி, அதன் துளைகள் இடம்பெயர்ந்து, முகங்கள் சில பிளந்தும் சில இணைந்தும் போன பின்னர், அதனை முன்பிருந்த அதே பொருள் என்று சொல்வது எந்த உரிமையால் என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் நகரத்துச் சிந்தனையாளர்கள் வாதிட்டதைப் புளூடார்க் பதிவு செய்திருக்கிறார். கழற்றிய பலகைகளைச் சேர்த்து வைத்து மற்றொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது தீசியசினுடையது என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அவ்வினாவைக் கூர்மையாக்கினார். பௌத்தரும் நையாயிகரும் சமணரும் இதே வினாவைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். அவ்வாதம் தமிழில் நீலகேசியிலும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலும் விரிவாக இடம்பெற்றது. தொழிற்பொருள் வடிவமைப்புக்கான கணினி முறைகளை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளில், 1990களில், இவ்வினா ஒரு நடைமுறைச் சிக்கலாக மறுபடியும் எழுந்தது. அங்கே அதற்கு நிலைபெயரிடல் சிக்கல் என்று பெயர்: மாதிரியின் அளவு ஒன்றை மாற்றியவுடன் அதன் பகுதிகள் எல்லாம் புதிதாகப் பிறக்கும்போது, பழைய பகுதிக்கு இட்ட பெயர் புதியவற்றுள் எதனைச் சேரும் என்பதே அச்சிக்கல். நிரலாளருக்குரிய நுணுக்கமாகவே பெரும்பாலும் கருதப்படும் இச்சிக்கல், உண்மையில் செயற்கைப் பொருளின் அடையாளம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மெய்யியலாரும் கவனிக்க வேண்டிய ஒரு விடையை நோக்கி இட்டுச் செல்கிறது.

கணினியில் வரையும் கோட்டுக்கும் தாளில் வரையும் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல், லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 கணினியின் திரைமீது ஒளிப்பேனாவால் வரைய வழி செய்தது. ஆனால் அதன் பெருமை திரையில் வரைய முடிந்ததில் அடங்கிவிடவில்லை. இவ்விரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும், இவை சம நீளம் உடையனவாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டால், வரைந்தவர் கை கோணினாலும் கணினியே கோடுகளை நகர்த்தி அவ்விதியை நிறைவேற்றும். தாளில் உள்ள கோடு மையின் தடம். அதற்கு அண்டைக் கோட்டோடு உள்ள உறவு பார்ப்பவரின் மனத்தில்தான் இருக்கிறது. ஸ்கெட்ச்பேட்டின் கோடோ பிற கோடுகளோடு தனக்குள்ள உறவுகளைத் தன்னோடே சுமந்து நிற்கிறது. இத்தகைய விதிகள் கட்டுப்பாடுகள் எனப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த ப்ரோ/எஞ்சினியர் என்னும் மென்பொருள் இக்கருத்தை முப்பரிமாணத் திண்மங்களுக்கு விரித்து, அளவுரு சார்ந்த வடிவமைப்பு என்னும் முறையைத் தொழிற்சாலைகளில் நிலைநாட்டியது. அளவுரு என்பது பெயரிட்டு வைக்கப்பட்ட ஓர் அளவு. அதன் மதிப்பை மாற்றினால் அதனைச் சார்ந்த அனைத்தும் மாறும்.

இம்முறையில் ஒரு பொருள் இறுதி வடிவமாக மட்டும் சேமிக்கப்படுவதில்லை. அவ்வடிவத்தை அடையும் செய்முறையாகவும் சேமிக்கப்படுகிறது. ஒரு செவ்வகம் வரைக, அதனை 20 மி.மீ. உயரத்துக்கு எழுப்புக, மேற்புறத்தில் ஒரு காடி வெட்டுக, முன்புற மேல் விளிம்பை 3 மி.மீ. ஆரத்தில் உருட்டுக என்று கட்டளைகள் வரிசையாக நிற்கின்றன. இவ்வரிசையை வடிவமைப்பாளர்கள் ஃபீச்சர் ட்ரீ என்றும், விளிம்பை உருட்டும் செயலை ஃபில்லட் என்றும் வழங்குவர். ஃபில்லட் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. உட்புற மூலை கூராக இருந்தால் விசை அங்கே குவிந்து, பல முறை சுமையேற்றி இறக்கிய பின் விரிசல் தொடங்கும். மூலையை உருட்டினால் அவ்விசை பரவிப்போகும். ஆகவே எந்த விளிம்பில் ஃபில்லட் இருக்கிறது என்பது சில பொருள்களில் உயிர்களைக் காக்கும் செய்தி.

பொருள் எனத்தக்கது எது என்னும் வினாவையும் இத்துறை நேராகவே எதிர்கொண்டது. 1970களில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கரும் அரிஸ்டிடிஸ் ரெக்கிச்சாவும் நடத்திய ஆய்வுகள், வெளியில் உள்ள எந்தப் புள்ளித் தொகுதிக்குத் திண்மம் என்னும் பெயர் தகும் என்று கணித முறையில் வரையறுக்க முயன்றன. 1980இல் ரெக்கிச்சா வெளியிட்ட கட்டுரை அதற்கான இலக்கணங்களைத் தொகுத்துத் தந்தது. நகர்த்தினாலும் திருப்பினாலும் வடிவம் மாறாமை, எங்கும் மூன்று பரிமாணமும் நிறைந்திருத்தல், எல்லையுடைமை, வெட்டுதல் சேர்த்தல் போன்ற செயல்களுக்குப் பின்னும் திண்மமாகவே இருத்தல், முடிவுள்ள விவரிப்பில் அடங்குதல், எல்லைப்பரப்பைச் சொன்னாலே உள்ளிடம் எது என்பது தெளிவாதல் ஆகியவை அவை. இவற்றுள் இரண்டாவது இலக்கணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டி நிற்கும் இரண்டு கனசதுரங்களுக்குப் பொதுவான பகுதி எது என்று வழக்கமான கணக்கோட்பாட்டைக் கேட்டால், தடிப்பே இல்லாத ஒரு சதுரத் தகட்டை விடையாகத் தரும். ரோச்செஸ்டர் ஆய்வாளர்களோ அத்தகடு பொருளாகாது என்று விலக்கி, பொதுப்பகுதி ஏதும் இல்லை என்று விடை வருமாறு அச்செயலையே திருத்தி அமைத்தனர். உள்ளீடற்ற வெறும் தோல் பொருள் அன்று என்னும் இம்முடிவு மெய்யியல் முடிவே. அது கணிதத்தின் உடையில் வந்தது என்பதால் அதன் இயல்பு மாறிவிடாது.

ஆனால் அவ்விலக்கணங்கள் யாவும் ஒரு கணத்தில் நிற்கும் பொருளைப் பற்றியவை. திண்மம் காலத்தில் தொடர்வது எவ்வாறு என்பது பற்றி அவற்றுள் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை அப்போது எழவில்லை என்பதே அதற்குக் காரணம். அளவுரு சார்ந்த முறை பரவிய பின்னரே அத்தேவை வெளிப்பட்டது.

வடிவமைப்பாளர் செய்முறையின் இரண்டாம் படியில் ஓர் அளவை மாற்றினால், கணினி அதற்குப் பின்வந்த படிகளின் விளைவுகளை எல்லாம் அழித்துவிட்டு, மாறிய அளவோடு அப்படிகளை மீண்டும் ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. முகம், விளிம்பு, முனை என்று திண்மத்தின் எல்லையைச் சேமிக்கும் பதிவுகள் அனைத்தும் நீங்கிப் புதிய பதிவுகள் தோன்றுகின்றன. நேற்றைய விளிம்புக்கும் இன்றைய விளிம்புக்கும் இடையே தொடர்ந்து நிற்கும் பொருள் என்று நினைவகத்தில் எதுவும் இல்லை. இரண்டையும் இணைப்பது ஒரே செய்முறையிலிருந்து தோன்றின என்னும் காரணத் தொடர்பு மட்டுமே. உள்பொருள் யாவும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன, தொடர்ச்சி என்பது காரண காரியங்களின் சந்தானமே, அதாவது அறாத வரிசையே என்று பௌத்தர் சொன்ன கணபங்கக் கொள்கை, இயந்திரத்துக்குள் ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஃபில்லட் என்னும் கட்டளைக்கு அக்கொள்கை போதாது. முன்புற மேல் விளிம்பை உருட்டுக என்று முன்பு சொல்லப்பட்டது. மறுகட்டமைப்புக்குப் பின் அக்கட்டளை அதே விளிம்பைத் தேடுகிறது. அதே என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லாதபோதும் அது தேடியாக வேண்டும்.

எளிய முறை, விளிம்புகளுக்குத் தோன்றும் வரிசையில் எண் இடுவது. பதினேழாம் விளிம்பை உருட்டுக என்று கட்டளை பதிவாகும். முன்னொரு படியில் புதிதாக ஒரு காடி சேர்ந்தால் எண்கள் எல்லாம் நகர்ந்து, பதினேழாம் எண் வேறொரு விளிம்புக்குப் போய்விடும். ஃபில்லட்டும் அங்கே தாவிவிடும். திறந்த மூல மென்பொருளான ஃப்ரீகேட்டைப் பயன்படுத்தியோர் பல ஆண்டுகள் இத்துன்பத்தை அனுபவித்தனர்; 2024 நவம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில்தான் சிக்கலைத் தணிக்கும் ஏற்பாடு முதன்மை மென்பொருளில் சேர்ந்தது. இதனினும் சிறந்த முறை, பகுதிகளை அவற்றின் பிறப்பால் பெயரிடுவது: முதல் வரைபடத்தின் மூன்றாம் கோடு எழுந்ததனால் உண்டான முகம், அதுவும் மேல்முகமும் சந்திக்கும் விளிம்பு என்றவாறு. பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் ஹாஃப்மனும் அவரோடு பணியாற்றியோரும் 1990களின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகளும், அதே காலத்தில் இரி க்ரிபாச் முன்வைத்த பெயரிடல் முறையும் இவ்வழியில் சென்றவை. பிறப்பு மட்டும் போதாத இடங்களில் அண்டையில் உள்ள முகங்கள் எவை, விளிம்பு எத்திசையில் ஓடுகிறது என்னும் செய்திகளையும் இவை சேர்த்துக்கொண்டன.

இம்முறைகள் எங்கே முட்டி நிற்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கட்டையின் மேற்புறத்தில், முன்புறத்திலிருந்து பின்புறம் வரை ஓடும் 10 மி.மீ. அகலக் காடி ஒன்று, இடது முனையிலிருந்து 30 மி.மீ. தொலைவில் வெட்டப்பட்டுள்ளது எனக் கொள்க. முன்புற மேல் விளிம்பு இப்போது இரண்டு துண்டுகள். இடத்துண்டு 30 மி.மீ., வலத்துண்டு 60 மி.மீ. இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே: பழைய மேல்முகமும் முன்முகமும். ஃபில்லட் இடத்துண்டுக்கு மட்டும் இடப்படுகிறது. அடுத்து, காடியின் தொலைவு 0 என மாற்றப்படுகிறது. காடி இடது முனைக்கே சென்றுவிட, இடத்துண்டு இல்லாமல் போகிறது. ஃபில்லட் அதனோடு மறைய வேண்டுமா, அல்லது ஒரே பெற்றோருக்குப் பிறந்த வலத்துண்டைச் சேர வேண்டுமா? தொலைவு மீண்டும் 30 ஆனால், அங்கே தோன்றும் இடத்துண்டு அழிந்துபோன பழையது திரும்பியதா, புதிதா? தொலைவை 120 ஆக்கினால் காடி கட்டையை விட்டே வெளியேறிவிட, 100 மி.மீ. நீளமுள்ள ஒரே விளிம்பு எஞ்சுகிறது. அது வளர்ந்துவிட்ட இடத்துண்டா, வளர்ந்துவிட்ட வலத்துண்டா, அல்லது காடி வெட்டுவதற்கு முன் இருந்த மூல விளிம்பு மீண்டதா?

மூன்று வினாக்களும் மெய்யியலில் தனித்தனியே பேசப்பட்டவை. ஒரு பொருளுக்கு இருப்பின் தொடக்கம் இரண்டு இருக்க முடியாது என்று ஜான் லாக் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில் வாதிட்டார். அவர் கருத்தை ஏற்றால், அழிந்து மீண்ட இடத்துண்டு புதியதே. அதற்கு ஃபில்லட்டில் உரிமை இல்லை. ஆனால் எந்த வடிவமைப்பாளரும் இம்முடிவை ஏற்கமாட்டார். அளவை 0 ஆக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் 30 ஆக்கும்போது ஃபில்லட் திரும்பி வர வேண்டும் என்றே அவர் எதிர்பார்ப்பார். துண்டுகள் இரண்டுக்கும் சம உரிமை இருக்கும் நிலையை டெரெக் பார்ஃபிட் 1984இல் மனிதரைப் பற்றி எழுப்பினார்: ஒருவர் இருவராகப் பிரிந்தால், இருவருள் எவர் அவர் என்னும் வினாவுக்கு விடை இல்லாதிருக்கலாம், விடையும் முதன்மையானதன்று, தொடர்ச்சியே முதன்மையானது என்றார் அவர். தம் கருத்து புத்தரின் கருத்தோடு ஒத்துச் செல்வதையும் அவரே அந்நூலின் பின்னிணைப்பில் காட்டினார். மனிதர் விஷயத்தில் பார்ஃபிட்டின் விடை ஆறுதலாக இருக்கலாம். ஃபில்லட்டின் கட்டளையோ ஏதேனும் ஒரு விளிம்பில் நிறைவேறியே ஆக வேண்டும். அடையாளம் முதன்மையானதன்று என்று சொல்லி அது விலகிக்கொள்ள இயலாது.

இந்நிலையில் நையாயிகர் முன்வைக்கும் வாதம் நினைக்கத்தக்கது. முன்பு கண்டவனை மீண்டும் கண்டு 'அவனே இவன்' என்று அறியும் மீளறிவு, வடநூலார் பிரத்தியபிஞ்ஞை என்பது, பொருள் நிலைத்து நிற்பதற்குச் சான்று என்பது அவர்கள் கருத்து. வெட்டிய பின் வளர்ந்த நகத்தையும், இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடரையும் கூட மக்கள் அதுவே என்றுதான் அறிகிறார்கள், ஆகவே மீளறிவு ஒப்புமையால் வரும் மயக்கமாக இருக்கக்கூடும் என்பது பௌத்தரின் மறுமொழி. பெயரிடல் முறைகள் யாவும் இயந்திரத்துக்கு மீளறிவைத் தரும் முயற்சிகளே. அவை வெற்றி பெறும்போது நிலைத்த பொருள் ஒன்று இருப்பது போலவே எல்லாம் நிகழ்கிறது. தவறும்போதுதான் அங்கே நிலைத்த பொருள் எதுவும் இருக்கவில்லை, ஒப்புமையை அளக்கும் விதி ஒன்றே இருந்தது என்பது தெரியவருகிறது. இந்த அளவில் பௌத்தரின் பக்கமே வலுவுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்குழப்பத்தின் வேரை மிகத் தெளிவாகச் சுட்டியவர்களுள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வதிம் ஷபிரோ குறிப்பிடத்தக்கவர். அளவுருவால் இணைந்த திண்மங்களின் குடும்பம் என்றால் என்ன என்பதையே தலைப்பு வினாவாகக் கொண்டு 1995இல் அவரும் டொனால்ட் வாஸ்லரும் எழுதிய கட்டுரை, விற்பனையில் இருந்த அமைப்புகள் இவ்வினாவுக்குத் தெளிவான விடையின்றியே இயங்குகின்றன என்று காட்டியது. பின்னர் 1998இல் ஸ்ரீனிவாஸ் ரகோத்தமாவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு தொடர்ச்சி விதி ஒன்றை முன்வைத்தது: அளவு சிறிது மாறினால் திண்மத்தின் எல்லையும் அறுபடாமல் சிறிதே உருமாற வேண்டும், அவ்வாறு உருமாறும்போது ஒரு பகுதி எப்பகுதியாக நீள்கிறதோ அதுவே அதற்கு வாரிசு. இவ்விதி நேர்த்தியானது, பெரும்பாலான மாற்றங்களுக்குப் போதுமானதும் கூட. ஆயினும் காடி கட்டையின் முனையைத் தொடும் அந்தக் கணத்தில் தொடர்ச்சியே அறுந்துவிடுகிறது. எங்கே தொடர்ச்சி அறுகிறது என்பதைத் துல்லியமாகக் காட்ட இவ்விதியால் முடியும். அறுந்தபின் யார் வாரிசு என்பதைச் சொல்ல இயலாது. அறிவுத்துறை ஒன்று தன் எல்லையை இவ்வளவு நேர்மையாகக் குறித்துக் காட்டியது பாராட்டுக்குரியது.

பிளவும் மறைவும் இல்லாத இடத்திலும் இவ்வினா எழும் என்பதற்கு ஒரு வட்டத் தகட்டைச் சுற்றி வெட்டப்பட்ட ஆறு துளைகள் சான்று. ஆறும் ஒரே விட்டம், ஒரே ஆழம், ஒன்றுக்கொன்று 60 பாகை இடைவெளி. எண்ணிக்கையை 5 ஆக்கினால் இடைவெளி 72 பாகையாகும். நீங்கிய துளை எது? முன்பு 240 பாகையில் இருந்த ஐந்தாம் துளைக்கு மட்டும் ஒரு முள் பொருத்தும்படி விதித்திருந்தால், அம்முள் 288 பாகையில் உள்ள துளைக்குச் செல்ல வேண்டுமா, பழைய இடத்துக்கு மிக அண்மையில் உள்ள துளையைத் தேட வேண்டுமா? துளைகளின் குணங்களுள் எதுவும் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. எல்லாக் குணங்களும் ஒத்த அணுக்களைத் தனித்தனியாக்குவது எது என்னும் வினாவுக்கு வைசேடிகர் விசேடம் என்னும் தனிப் பதார்த்தத்தையே ஏற்றனர்; மணிமேகலையில் வரும் வைசேடிகவாதி அதனை எடுத்துரைக்கும் பதார்த்தங்களுள் ஒன்றாக வைக்கிறான். வடிவமைப்பு மென்பொருளும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரிசை எண்ணை ஒட்டிவைத்து அதே வேலையைச் செய்துகொள்கிறது. ஆனால் வைசேடிகரின் விசேடம் அணுவின் உள்ளேயே என்றும் இருப்பது. மென்பொருளின் வரிசை எண்ணோ முதல் துளை என்று யாரோ ஒருவர் எதைத் தொட்டாரோ அதிலிருந்து எண்ணிவந்தது.

யாரோ ஒருவர் தொட்டது என்பதில்தான் விடையின் தொடக்கம் இருக்கிறது. இயற்கைப் பொருள் தன் மாற்றத்துக்கும் நிலைப்புக்கும் உரிய மூலத்தைத் தன்னுள்ளேயே கொண்டது, செயற்கைப் பொருளுக்கு அது வெளியே, செய்பவரிடத்தில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் பௌதிக நூலின் இரண்டாம் பகுதியில் பிரித்துக் காட்டினார். சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் ஆப்தமீமாம்சை இதனை இன்னும் நுட்பமாகச் சொல்லுகிறது. பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்கையில், குடத்தை விரும்பியவர் வருந்துகிறார், மகுடத்தை விரும்பியவர் மகிழ்கிறார், பொன்னை மட்டும் விரும்பியவர் இரண்டும் இன்றி நடுவாக இருக்கிறார். மூவரின் உணர்வுக்கும் மெய்யான காரணம் உண்டு என்பதால், அழிவும் தோற்றமும் நிலைபேறும் ஒரே நிகழ்ச்சியில் ஒருங்கே மெய்யாகின்றன என்பது அவ்வாதம். எது நிலைத்தது என்னும் வினாவுக்கு, எது வேண்டப்பட்டது என்பதைக் கேளாமல் முழு விடை சொல்ல இயலாது என்று அவ்வாதத்தை விரித்துக்கொள்ளலாம். சமணர் இதனால் நிலைபேற்றை வெறும் மனக்கற்பிதம் ஆக்கிவிடவில்லை; பொன் மெய்யாகவே நிலைத்தது, குடம் மெய்யாகவே அழிந்தது.

கட்டையின் எடுத்துக்காட்டுக்கு இப்போது திரும்பினால், ஃபில்லட் எதற்காக இடப்பட்டது என்பது தெரிந்தவுடன் மூன்று வினாக்களும் எளிதாகிவிடுவதைக் காணலாம். எடுத்துப் பிடிப்பவரின் கை முன்புறத்தில் கூர்விளிம்பில் படக்கூடாது என்பது நோக்கமானால், எஞ்சிய துண்டு எதுவாயினும் ஃபில்லட் அதனைச் சேர வேண்டும். இடப்புறத்தில் வந்து பொருந்தும் மற்றொரு பாகத்துக்கு இடம்விட வேண்டும் என்பது நோக்கமானால், இடத்துண்டு மறையும்போது ஃபில்லட்டும் மறைய வேண்டும், அத்துண்டு மீண்டால் அதுவும் மீள வேண்டும். வடிவியல் ஒன்றே, நோக்கம் மாறினால் வாரிசும் மாறுகிறது. வடிவமைப்பாளர்கள் வடிவமைப்பு நோக்கம் என்னும் தொடரை நெடுங்காலமாகவே வழங்கி வருகின்றனர். ஆனால் அதனை அளவுகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் மறுபெயராகவே பெரும்பாலும் கொள்கின்றனர். 30 மி.மீ. என்னும் அளவு நோக்கத்தின் விளைவு. ஏன் 30 என்பதே நோக்கம். முன்னது கோப்பில் இருக்கிறது, பின்னது இல்லை.

நோக்கம் என்பது தனியொருவரின் மனத்துக்குள் மறைந்திருப்பது, அதனை அடையாளத்தின் அடிப்படையாகக் கொண்டால் எவரும் எதையும் அதே பொருள் என்று சொல்லிவிடலாம் என்னும் தடை இங்கே எழக்கூடும். தொழிற்சாலை நடைமுறை அத்தடைக்கு நல்ல விடை வைத்திருக்கிறது. ஒரு பாகத்தை மாற்றி அமைக்கும்போது அதன் பாக எண்ணை மாற்ற வேண்டுமா, அல்லது பழைய எண்ணோடு புதிய திருத்த எழுத்தை மட்டும் சேர்த்தால் போதுமா என்பதை முடிவு செய்யப் பொறியாளர்கள் வடிவம், பொருத்தம், செயல்பாடு என்னும் மூன்றையும் பார்க்கின்றனர். பழையதற்குப் பதிலாகப் புதியதையும், புதியதற்குப் பதிலாகப் பழையதையும் கேள்வியின்றிப் பொருத்த முடிந்தால் அது அதே பாகம். முடியாவிட்டால் வேறு பாகம், வேறு எண். இவ்வளவுகோல் யாருடைய விருப்பத்தையும் சார்ந்ததன்று. பொருத்திப் பார்த்தே மெய்யா பொய்யா என்று அறியலாம். ஆயினும் அது நோக்கத்தைச் சார்ந்தது, ஏனெனில் எதனோடு பொருந்த வேண்டும், எச்செயலைச் செய்ய வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருந்தால்தான் அந்தச் சோதனைக்கே பொருள் உண்டு. பொதுவில் வைக்கப்பட்ட, பிறர் சோதிக்கத்தக்க நோக்கமே இங்குக் கருதப்படுவது.

வரலாறே வேண்டாம், நிகழ்கால வடிவம் மட்டும் போதும் என்று ஒதுங்கிய முயற்சியும் நடந்தது. 2007, 2008 ஆண்டுகளில் ஸ்பேஸ்கிளெய்ம், சீமென்ஸ் நிறுவனத்தின் சிங்க்ரனஸ் டெக்னாலஜி ஆகியவை நேரடி மாதிரியமைப்பு என்னும் முறையை முன்னுக்குக் கொண்டுவந்தன. இதில் செய்முறை வரிசையைத் தொடாமல், முகத்தைப் பிடித்து இழுத்தே வடிவத்தை மாற்றலாம். இழுக்கும்போது வேறொரு வினா வருகிறது: ஒரே தளத்தில் நிற்கும் இரண்டு முகங்களுள் ஒன்றை இழுத்தால் மற்றொன்றும் உடன் வர வேண்டுமா? அவை ஒரே தளத்தில் நிற்பது தற்செயலா, வேண்டுமென்றே அமைத்ததா என்பதை வடிவம் சொல்லாது. மென்பொருள் தானே ஊகித்து, பயனரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாதிரியைக் கொண்டுசெல்ல 1994இல் முதன்முதல் வெளிவந்த ஸ்டெப் என்னும் ஐ.எஸ்.ஓ. 10303 தரம், வடிவத்தைத் துல்லியமாகக் கடத்துகிறது. செய்முறை வரலாறு பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. வரலாற்றைத் துறந்தால் சிக்கல் தீராது, இடம் மட்டுமே மாறும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றல் ஆய்வு இந்த இழப்பை ஈடுசெய்ய முயல்கிறது. 2019இல் வெளிவந்த ஏபிசி என்னும் தரவுத்தொகுப்பு ஏறத்தாழ 10 இலட்சம் மாதிரிகளைத் திரட்டியது. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட டீப்கேட் 1,78,238 மாதிரிகளை அவற்றின் கட்டளை வரிசைகளோடு தந்தது. அதே ஆண்டில் ஃப்யூஷன் 360 கேலரி என்னும் தொகுப்பு மனிதர் வடிவமைத்த 8,625 செய்முறைகளை வெளியிட்டது. முடிந்த வடிவத்தைக் காட்டினால் அதனை அடைந்த செய்முறையை மீட்டுத் தருமாறு நிரல்களைப் பயிற்றுவிப்பது இவற்றின் பயன்களுள் ஒன்று. வெள்ளத்தைக் கண்டு மலையில் மழை பெய்ததை அறியும் அனுமானத்தை, காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்வதை, மணிமேகலை எச்சம் என்று வகைப்படுத்துகிறது. வெள்ளத்துக்கு அணை உடைந்ததும் காரணமாகலாம் என்று பழைய தருக்க நூலார் அவ்வனுமானத்தின் பிழை வாயிலையும் காட்டினர். ஒரே வடிவத்தை எண்ணற்ற செய்முறைகளால் அடையலாம் ஆதலின், இங்கே அப்பிழை வாயில் இன்னும் அகன்றது. நிரல் கற்பது மிகுதியாக வழங்கும் செய்முறையை, நடந்த செய்முறையை அன்று.

அப்படி மீட்ட செய்முறை ஒவ்வொரு படியிலும் சரியாகவே அமைந்தாலும், அதில் நோக்கம் இருக்காது. பயிற்சித் தொகுப்புகளிலேயே அது இல்லை. ஃபில்லட் எந்த விளிம்பில் எத்தனை ஆரத்தில் இடப்பட்டது என்பது அங்கே உண்டு. கை காயப்படாதிருக்கவா, விரிசல் தொடங்காதிருக்கவா, அண்டைப் பாகம் பொருந்தவா என்பது இல்லை. எனவே இத்துறை அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணி, கட்டளையோடு அதன் காரணத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் முறை ஒன்றை வகுப்பதும், அக்காரணம் பதிவாகாத இடத்தில் வாரிசு விளிம்பு இரண்டுபட்டால் நிரல் தானே ஒன்றைத் தெரிந்துகொண்டு ஓசையின்றிச் சென்றுவிடாமல் மறுகட்டமைப்பை நிறுத்தி வடிவமைப்பாளரைக் கேட்குமாறு செய்வதும் ஆகும். நிறுத்திக் கேட்கும் நிரல் வேலையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. விமானத்தின் ஒரு தாங்கியிலோ அறுவைக் கருவி ஒன்றின் பிடியிலோ உள்ள உட்புற மூலைக்கு உரிய ஃபில்லட் வேறு விளிம்புக்குப் போய்விட்டதை வரைபடத்தில் எவரும் கவனியாது விட்டால், அதனை முதலில் கண்டறிவது அப்பொருளைப் பயன்படுத்துபவராகவே இருப்பார்.